போட்டோப் பெட்டி எந்த வீட்டுக்கு

மகன், அஸ்ஸலாமு அலைக்கும். இதைக் கண்டதும் நெஞ்சில கைய வெக்காத. வீட்டில ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல, வாப்பாட பிரஷரும் அல்லாஹ்ட கிருபையால அடங்கித்தான் இருக்கு. கையில போன் இருக்கக்குள்ள உம்மா என்னத்துக்கு இப்பிடிப் பக்கம் பக்கமா எழுதுறா எண்டு யோசிப்பாய். காரணம் நீதான். நேத்து மருமகளுக்குப் போன் எடுத்து, நான் போட்ட வொய்ஸ் எல்லாம் கேட்டானா எண்டு விசாரிச்சன். பாவம், அது பொய் சொல்லத் தெரியாத புள்ள. "ஓம் மாமி, எல்லாம் கேக்கிறவர்தான். ஆனா ஸ்பீடக் கூட்டி வெச்சித்தான் கேக்கிறவர், அப்பதான் கெதியா முடியுமாம்" எண்டு சிரிச்சிக்கிட்டே சொல்லிப்போட்டா. வந்த ஆத்திரத்துக்கு உடனே ஒரு வொய்ஸ் போடப் போனன். மறுகா நினைச்சன், அதையும் இவன் அப்பிடித்தானே கேப்பான். பெத்த தாய்ட குரல அணில் கத்துற மாதிரி ஆக்கிக் கேக்கிற புள்ளைக்கு இனி எழுத்துத்தான். இதை ஓட்டிவிட ஏலாது, ஒவ்வொரு சொல்லா வாசி.

அதுக்குள்ள ஒரு புத்தியும் சொல்லிப்போடுறன், பிறகு மறந்திருவன். உம்மாட கதைய வேகமாக் கேட்டா உம்மா கோவிச்சிக்கிட்டு எழுதுவா, அவ்வளவுதான். பொண்டாட்டிட கதைய அப்பிடிக் கேட்டுராத. அவ கதைக்கக்குள்ள போனக் கீழ வெச்சிட்டு முகத்தப் பாத்துக் கேளு. உங்கட வாப்பா இத்தன வருஷமா பேப்பர முகத்துக்கு முன்னால புடிச்சிக்கிட்டு "ஓம், ஓம்" எண்டு சொல்லித்தான் என்னோட காலத்தக் கழிச்சார். அப்பிடி ஒரு ஓம்லதான் நான் குசினிக்கு டைல்ஸ் போடச் சம்மதம் வாங்கினன். டைல்ஸ் லொறி வாசல்ல வந்து நிண்ட அண்டைக்குத்தான் தான் எதுக்கு ஓம் சொன்னது எண்டு மனுசனுக்கு விளங்கிச்சி.

சரி, விசயத்துக்கு வாறன். "உம்மா, வாற வெள்ளிக்கிழம வரக்குள்ள போட்டோப் பெட்டியக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போறன், துடைச்சி வைங்க" எண்டு போன கிழம நீ மெசேஜ் போட்டிருந்தாய். இரவல் குடுத்த குடைய எடுக்க வாற மாதிரி! நீ அதைப் போட்டதில இருந்து வீட்டில எனக்கும் வாப்பாவுக்கும் சண்டை. அது அவன்ட பெட்டி, அவன் உழைச்சி வாங்கினது, அவன் எடுத்துக்கிட்டுப் போகட்டும் எண்டுறது வாப்பாட கதை. அதுக்குள்ள இருக்கிறது என்ட புள்ளையள், பெட்டி இந்த ஷோகேஸ விட்டு அசையாது எண்டுறது என்ட கதை. ஒரு நாள் பகல் அவருக்குச் சோத்த வெச்சிட்டு மீன் ஆணத்த வெக்க மறந்த மாதிரி இருந்திட்டன். மனுசன் வெறுஞ்சோத்தப் பிசைஞ்சி திண்டிட்டு எழும்பிட்டார். அந்தளவுக்குப் போயிட்டு.

நம்மட வழக்கத்தில ஆம்பிளப் புள்ள கலியாணம் முடிச்சா பொண்டாட்டிட வீட்டுக்குப் போறதுதான். வீடு பொம்புளப் புள்ளைக்கு. இந்த வீட்டையும் உன்ட ராத்தாட பேருக்கு எழுதியாச்சு, நானும் வாப்பாவும் இப்ப மகள்ட வீட்டில ஒரு அறையில இருக்கிற ஆக்கள். வாப்பாவும் அந்தக் காலம் ஒரு சூட்கேஸோடதான் என்ட வீட்டுக்கு வந்தார். இப்ப அலுமாரிக்கு மேல ஒரு புதுச் சூட்கேஸ் இருக்கு. கோவம் வந்தா வீட்ட விட்டுப் போறவர் மாதிரி அதை இறக்கிக் கட்டில்ல வெப்பார். உள்ளுக்கு ஒரு சாரனாவது வெச்சி நான் கண்டதில்ல. கொஞ்ச நேரத்தால தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாத் திரும்பி மேல ஏத்திப்போடுவார். நீயும் ரெண்டு பேக்கோடயும் லெப்டொப்போடயும் சாய்ந்தமருதுல இருந்து அக்கரைப்பற்றுக்குப் போனாய். அதுக்கெல்லாம் ஒரு ஒழுங்கு இருக்கு. உடுப்பு போகும், மோட்டச் சைக்கிள் போகும், கட்டிலும் அலுமாரியும் அங்க இருக்கும். ஆனா குடும்பத்துப் போட்டோ முழுக்க அடங்கின பெட்டி மாப்பிள்ளையோட போறதா, உம்மாவோட நிக்கிறதா எண்டு ஆரிட்டக் கேக்கிற? நமக்கு முந்தி ஒருத்தருக்கும் இந்தப் பிரச்சின வரல.

அந்தப் பெட்டி வந்த கதைய நீ மறந்திருப்பாய். எல்லாற்ற போனும் நிறைஞ்சி வழிஞ்ச நேரம் அது. உன்ட ராத்தா ஒரு வட்டிலப்பம் அவிச்சா அதை மேல இருந்தும் கீழ இருந்தும் வெட்ட முந்தியும் வெட்டின பிறகும் போட்டோ எடுப்பா. நெட்டில போட்டோ வெச்சிருக்கிற கம்பனி, இடம் முடிஞ்சி போச்சு, இனி மாசாமாசம் காசு கட்டுங்க எண்டு சொல்லிட்டான். அதுவும் டொலர்ல. உங்கட வாப்பா கல்முன பஸார்ல ஹார்ட்வெயார் கடைக்கு வாழ்நாளெல்லாம் வாடகை கட்டின மனுசன். "நம்மட முகத்த நாம பாக்கிறத்துக்கு வெளிநாட்டுக்காரனுக்கு வாடகையா? டொலர் ஏறினா அவன் என்ட பேரப்புள்ளைட போட்டோவ ரோட்டில போடுவானா?" எண்டு குதிச்சார். அப்பதான் நீ சொன்னாய், வீட்டிலயே ஒரு பெட்டிய வெச்சி அதுக்குள்ள எல்லாத்தையும் போடலாம், வைஃபையால எல்லாற்ற போனுக்கும் அதுல இருந்து வரும், வாடக இல்ல, ஒருக்காக் காசு குடுத்தாச் சரி எண்டு. வாப்பாக்கு முகம் மலர்ந்திச்சி. சொந்தக் கடை வாங்கின மாதிரி.

பெட்டி வந்திச்சி. கறுப்பா, பேக்கரிப் பாண் ஒண்டு அளவில. வாப்பா கையில எடுத்துப் பாத்திட்டு "எங்கடா, பஞ்சு மாதிரி இருக்கு?" எண்டார்.

"உள்ளுக்கு ஒண்டுமில்ல வாப்பா. டிஸ்க் வேறயா வாங்கணும்."

"அப்ப இவ்வளவு காசும் வெறும் கூட்டுக்கா?"

"ஓம் வாப்பா."

"என்ட கடையில பூட்டு வாங்க வாறவனுக்கு, திறப்பு வேறயா வாங்கணும் தம்பி எண்டு சொன்னா அந்தப் பூட்டாலயே எனக்கு எறிவான்."

பிறகு டிஸ்க் ரெண்டு வாங்கணும் எண்டாய். ஒண்டு செத்தா மற்றது இருக்கும், ரெண்டிலயும் ஒரே போட்டோதான் இருக்கும் எண்டு விளங்கப்படுத்தினாய். "அப்ப ஒண்டு வேல செய்யும், மற்றது சும்மா இருந்து கறண்டத் தின்னும்?" எண்டு வாப்பா கேட்டார். ரெண்டு டிஸ்க்கும் பெட்டிய விட விலை. அந்தக் காசுக்கு நல்ல ஃப்ரிட்ஜ் ஒண்டு வாங்கினா மீனாவது வெக்கலாம் எண்டு நானும் என்ட பங்குக்குச் சொன்னன். அதோட நிண்டதா? கறண்டு பட்டெண்டு போனா டிஸ்க் பழுதாகுமாம், அதுக்குக் கறண்டு சேத்து வெக்கிற ஒரு பெற்றி. எல்லாம் வாங்கி முடிச்சி வாப்பா மூச்சு விடக்குள்ள நீ மெல்லச் சொன்னாய், "இவ்வளவு இருந்தாலும் வாப்பா, இதே போட்டோவெல்லாம் இன்னொரு கொப்பியா வேற ஒரு வீட்டில இருக்கிறதுதான் நல்லம். இந்த வீட்டுக்கு ஏதும் நடந்திட்டா?" பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு, மனுசன் எழும்பித் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யப் போயிட்டார். அந்தக் கதை அப்பிடியே நிண்டு போச்சு.

உறை தைச்ச விசயத்த நீ இண்டைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாயாம். சிரி. நம்மட வீட்டில டீவிக்கு உறை இருக்கு, ஃப்ரிட்ஜுக்கு உறை இருக்கு, தையல் மிஷினுக்கு உறை இருக்கு, றிமோட்டுக்குக் கூடப் பொலித்தீன் உறை. இவ்வளவு விலையான சாமான் உடுப்பில்லாம நிண்டா வாறவன் போறவன் என்ன நினைப்பான்? ஃப்ரிட்ஜ் உறை தைச்ச துணியில மிச்சம் கிடந்திச்சி, சுத்திவர நெளி வெச்சி, மடிப்பெடுத்து, வடிவாத் தைச்சிப் போட்டு, ஷோகேஸ் கண்ணாடியையும் இழுத்துச் சாத்தினன். அது போட்ட இடம்தான் பிழைச்சிட்டு. நீ லீவுல நிண்ட நாள், உன்ட சம்பந்தம் பாக்க அக்கரைப்பற்று ஆக்கள் வந்திருக்காங்க. இப்பத்திய உன்ட மாமி முன்னால இருந்து பலூடாவ வாயில வெச்சா, ஷோகேஸுக்குள்ள இருந்து "பீப் பீப்" எண்டு ஒரே கத்தல். "என்னகா சத்தம் அது?" எண்டு கேட்டா. நான் வாயத் திறக்க முந்தி நீ அறைக்குள்ள இருந்து வெறுங்காலோட ஓடிவந்து கண்ணாடியத் தள்ளி, என்ட உறையப் பிச்சி எறிஞ்சி, "உம்மா! இது மூச்சு விடணும் உம்மா!" எண்டு கத்தினாய். வந்த ஆக்கள் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. உள்ளுக்கு ஏதோ உசிரோட அடைச்சி வெச்சிருக்கம் எண்டு நினைச்சிட்டாங்க. உறைக்குள்ள சூடேறித்தான் அது கத்தினது எண்டு பிறகுதான் நீ சொன்னாய். அவ்வளவுக்குப் பிறகும் பொம்புள தந்தாங்களே, அது அவங்கட பெரிய மனசு.

மாரியில நடந்தது அதை விடக் கூத்து. இடி முழங்கினா வாப்பா வீடு முழுக்க ஓடி எல்லாப் பிளக்கையும் கழட்டுவார். தொழப் போகக்குள்ளயும் எல்லாச் சுவிச்சையும் நூத்துப்போட்டுத்தான் போவார். பெட்டியையும் கழட்டினார். உடனே பெற்றி கத்தத் தொடங்கிச்சி. "கறண்டக் குடுத்தாலும் கத்துது, எடுத்தாலும் கத்துது, இது என்ன சாமான்டா" எண்டு தலகாணிய எடுத்து அதுக்கு மேல அமத்திப் புடிச்சிக்கிட்டு இருந்தார். அப்ப நீ வேல பாத்த கொழும்புல இருந்து போன் எடுத்து "உம்மா, பெட்டி வேல செய்யுதில்லயே" எண்டாய். வேல செய்யுது மகன், வாப்பா அதோட மல்லுக்கட்டுறார் எண்டு சொன்னன். அதோட நம்மட கடக்கரை உப்புக் காத்து. நேத்துப் போட்ட கேட் கொளுக்கி இண்டைக்குக் கறள். பெட்டிட பின்பக்கத்து ஆணியும் சிவக்கத் தொடங்கிட்டு, நீ காணல.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் நான் ஏன் அதை விடமாட்டன் எண்டு நிண்டன் எண்டு கேப்பாய். சொல்றன்.

கடல் வந்த அண்டைக்கு உனக்கு நாலு வயசு. உன்னை இடுப்பில வெச்சிக்கிட்டு ராத்தாட கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு ஓடினன். வேற ஒண்டும் எடுக்கல. அந்தக் கிழம நம்மட ஊர்ல எத்தன பேர மண்ணுக்குள்ள வெச்சம் எண்டு உனக்குத் தெரியும். உசிரோட வந்து சேந்த நமக்கு அல்ஹம்துலில்லாஹ் எண்டதுக்கு மேல ஒரு சொல் சொல்ல வாய் வரல. புள்ளையப் பறிகுடுத்த உம்மாமார் பக்கத்துப் பாயில இருக்கக்குள்ள, என்ட அல்பம் போயிட்டு எண்டு நான் எப்பிடி அழுகிற? அதால அழல. நீ தவழ்ந்த போட்டோ, முடியெறக்கின போட்டோ, முதல் பெருநாளுக்கு உனக்குத் தைச்ச சின்ன ஜுப்பாவோட எடுத்த போட்டோ, எல்லாம் போச்சு. அந்தக் கவலைய மடிச்சி உள்ளுக்கு வெச்சிட்டன்.

உன்ட வலீமாவுல அது வெளிய வந்திச்சி. ஹோல்ல பெரிய திரையில ரெண்டு பேர்ட போட்டோவும் ஓடுது. மருமகள் பொறந்த அண்டைக்கு, தொட்டில்ல, தவழக்குள்ள, பல்லு முளைக்கக்குள்ள எண்டு வருது. உன்னது எடுத்த எடுப்பிலயே முன்பல்லு விழுந்து, ஸ்கூல் உடுப்போட, தண்ணிப் போத்தலும் தொங்கத் தொங்க. பொம்புள பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் "மாப்பிள்ள பொறக்கக்குள்ளயே ஸ்கூல் உடுப்போடதான் பொறந்தாரோ?" எண்டு கேட்டார். ஹோலே சிரிச்சிச்சி. நீயும் சிரிச்சாய். நானும் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சிப்போட்டு, புரியாணி சஹன் தட்டு அடுக்கிற அறைக்குள்ள போய் நிண்டு அழுதன். என்னகா எண்டு கேட்டவளுக்கு, சாம்பிராணிப் புகை எண்டன். அதால நீ பெட்டியக் கேக்கக்குள்ள எனக்கு என்ன தோணிச்சி தெரியுமா? ஒருக்காக் கடல் கொண்டு போச்சு, இந்த முறை அக்கரைப்பற்று கொண்டு போகுது எண்டுதான் தோணிச்சி. மருமகள் இதை வாசிச்சாக் குறை நினைக்க வேணாம் எண்டு சொல்லு.

போன ஞாயிறு விருந்துக்கு அங்க வந்தம்தானே. சாப்பிட்டு முடிச்சி, நீ அடுத்த அறையில ரவுட்டரோட போராடிக்கிட்டு இருந்தாய். சம்மந்தி எனக்குப் பொழுதுபோக்கா அவட தங்கச்சிட கலியாண அல்பத்த எடுத்துத் தந்தா. தூரத்துச் சொந்தம் எண்டபடியா அந்தக் கலியாணத்துக்கு நாமளும் போயிருக்கம், எனக்கு அது நினைவே இல்ல. ரெண்டு மூணு பக்கம் திருப்பினதும் அவ விரல வெச்சி, "இது நீங்கதானே?" எண்டா. ஓம், நான்தான். ஈர்க்கில் மாதிரி நிக்கிறன். என்ட இடுப்பில நீ. களிசான் இல்ல. ஒரு காலில மட்டும் செருப்பு. மூஞ்சி முழுக்க வட்டிலப்பம், ஒரு கையால என்ட முக்காட்டப் புடிச்சி இழுத்துக்கிட்டு, போட்டோக்காரன முறைச்சிப் பாக்கிறாய். நான் போட்ட சத்தத்துக்கு நீ என்னவோ ஏதோ எண்டு ஓடிவந்தாய். பாத்தாய். பிறகு அந்தக் கடதாசிப் போட்டோவ ரெண்டு விரலால விரிச்சிப் பெருப்பிக்கப் பாத்தாய் பாரு, அல்லாஹ்வே, எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்டா வந்திச்சி.

சம்மந்தி நல்ல மனுசி. உடனே அல்பத்தில இருந்து அதைக் கழட்டி, "கொண்டு போங்க, இது உங்கட சாமான்" எண்டு என்ட கையில வெச்சா. நான் வாங்கினன். கொஞ்ச நேரம் வெச்சிருந்தன். பிறகு நானே திரும்ப அல்பத்துக்குள்ள சொருகிப்போட்டன். "இங்கயே இருக்கட்டும் சம்மந்தி. இங்க இருந்தபடியாத்தான் இது இருக்கு" எண்டன். என்ட வாயில இருந்து அது வந்ததும் எனக்கே திக்கெண்டு போச்சு. நீ மெல்ல என்ட காதுக்குள்ள, "இதத்தான் உம்மா நான் அண்டைக்கு வாப்பாட்ட சொன்னன். அவர் வுழூச் செய்யப் போயிட்டார்" எண்டாய்.

ஆகையால பெட்டியக் கொண்டு போ. துடைச்சி வெச்சிருக்கன். அந்த வீடு கடலுக்குத் தூரம், கறள் புடிக்காது. அங்க பிளக்கக் கழட்ட வாப்பாவும் இல்ல, உறை தைக்க நானும் இல்ல. ஆனா ஒரு கொப்பி இங்க நிக்கணும். அதுக்கு நீ என்ன சொன்னாய்? இங்கயும் ஒரு பெட்டி வெப்பம், ரெண்டு பெட்டியும் நெட்டால தங்களுக்குள்ள கதைச்சி எல்லாத்தையும் தானா மாத்திக்கும், ஒருத்தரும் ஒண்டும் செய்யத் தேவல எண்டாய். நான் அதை வாப்பாட்ட சொன்னன். திரும்பவும் ஒரு கூடு, திரும்பவும் ரெண்டு டிஸ்க், திரும்பவும் கத்துற பெற்றி எண்டு சொல்லிக்கிட்டு வரக்குள்ளயே மனுசன் அலுமாரிக்கு மேல சூட்கேஸப் பாத்தார். அதோட நம்மட லைன்ல ஒரு கலியாண வீடியோவ அனுப்பி முடிய அந்தப் பொம்புளைக்குப் புள்ள பொறந்திரும். வேணாம். என்ட யோசன இதுதான். சவுக்காரக் கட்டி அளவில சின்ன டிஸ்க் வருதுதானே, அதில ரெண்டு வாங்கு. பெட்டியில இருக்கிறத ஒண்டில ஏத்தி வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு முந்திக் கொண்டு வந்து இங்க வெச்சிட்டுப் போ. அடுத்த வெள்ளி மற்றதக் கொண்டு வந்து வெச்சிட்டு, இங்க இருக்கிறத எடுத்துக்கிட்டுப் போ, இப்பிடியே மாறி மாறி. "அதுலயும் ரெண்டா?" எண்டு வாப்பா முனகினார், ஆனா ஒத்துக்கிட்டார். நான் அதை பிஸ்கட் டின்னுக்குள்ள வெச்சி அலுமாரியில பூட்டுவன். கறண்டில்லாம கிடக்கிற சாமானுக்குச் சூடு வராது எண்டு கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டன், அதால ரெண்டுக்கும் உறை தைச்சாச்சு. நெளி வெச்சித்தான்.

நேத்து மருமகள் இந்தத் திட்டத்தக் கேட்டிட்டு, கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னா, "மாமி, இப்ப நல்ல லைன் வந்திட்டு. விலையும் பெரிசில்ல. இவர்ட பழைய கொம்பியூட்டர உங்கட வீட்டில வெச்சாலே போதும், எல்லாம் நெட்டால வரும். ஒருத்தரும் டிஸ்க்கத் தூக்கிக்கிட்டு இவ்வளவு தூரம் வரத் தேவல."

"எனக்குத் தெரியும் மகள்" எண்டன்.

அவளுக்கு உடனே விளங்கிட்டு. "சரி மாமி, நான் இவர்ட்ட சொல்லல்ல" எண்டா. கெட்டிக்காரி. நல்ல பொம்புளதான் பாத்துத் தந்திருக்கம் உனக்கு.

ஆனா நான் உன்னட்ட ஒளிக்கல மகன், எழுதியே போடுறன். நெட்டால அனுப்பினாப் போட்டோ வரும். நீ வரமாட்டாய். இந்த வீட்டில உனக்கு இனி அறையும் இல்ல, கட்டிலும் இல்ல, வாறத்துக்கு ஒரு வேலையாவது இருக்கட்டும். வெள்ளிக்கிழம பாரை மீன் ஆணம் வெப்பன், மருமகளையும் கூட்டிக்கிட்டு வா, மழை எண்டா பஸ்ஸில வா, நிந்தவூர் வளைவில மெதுவா வா. டிஸ்க்க மறந்து போட்டு வந்தா வாப்பா ஏசுவார். நான் ஒரு சொல் சொல்லமாட்டன், நீ வெறுங்கையோட வா.

உன்ட உம்மா